ஊர் டாக்டர் தொடர்: ஒரு எபிசோடு எப்படி ஓடுகிறது?

டாக்டர்களும் குடும்பங்களும் வரும் தொடர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று பெருநகர ஆஸ்பத்திரித் தொடர். கதவு படாரென்று திறக்கும், ஸ்ட்ரெச்சர் உருளும், யாரோ கத்துவார்கள், மானிட்டரில் கோடு ஏறி இறங்கும், நோயாளி பிழைப்பார் அல்லது போய்ச் சேருவார், அடுத்த வாரம் வேறொரு நோயாளி. இன்னொன்று சின்ன ஊர் டாக்டர் தொடர். அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் பெரிதாக எதுவும் நடந்த மாதிரி இருக்காது. ஒருவர் இருமுவார், ஒருவர் டீ குடிப்பார், ஒரு அம்மா வாசலில் நின்று யோசிப்பார். ஆனாலும் நடுவில் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வர மனசு வராது. "அதுல என்னதான் இருக்கு, ஒண்ணுமே நடக்கலையே" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரைக்கதை பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டாவது வகைத் தொடரில் நகர்வது செய்தி. யாருக்கு என்ன நோய் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அது யார் யாருக்கு, எந்த வரிசையில், யார் வாயால் தெரிய வருகிறது என்பதுதான் மீதி நாற்பது நிமிடம். இதைப் பிடித்துக்கொண்டால் போதும், எந்த நாட்டு எபிசோடாக இருந்தாலும் அதன் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இதற்கு ஏன் டாக்டர் வேண்டும், ஏன் சின்ன ஊர் வேண்டும்? ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் கூப்பிட்டால் நுழையக்கூடிய ஆள் டாக்டர். மனைவிக்குச் சொல்லாததைக் கணவன் அவரிடம் சொல்வான், மாமியாருக்குச் சொல்லாததை மருமகள் சொல்வாள். ஒரு கதாசிரியனுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டார். சென்னையில் அந்த டாக்டர் மாலை காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்த நோயாளியை மறுபடி பார்க்கப்போவதில்லை, ரகசியம் அவரோடு பத்திரமாக இருக்கும். தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ மண்டபத்திலோ அப்படி முடியாது. நேற்று இரவு ரத்த அழுத்தம் பார்த்தவர் இன்று காலை மீன் ஏலத்தில் எதிரே நிற்பார், அவர் பேத்தியும் டாக்டரின் பையனும் ஒரே வகுப்பில் படிப்பார்கள், சாயங்காலம் ஒரே கல்யாண வீட்டில் அடுத்தடுத்த இலையில் சாப்பிட வேண்டியிருக்கும். டாக்டருக்கு டூட்டி முடிகிற நேரமே கிடையாது. சின்ன ஊர்த் தொடரின் பலமே அந்த அவஸ்தைதான்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. சின்ன ஊரில் மருத்துவம் படிப்படியாக ஏறும். துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, அப்புறம் ராமநாதபுரம். ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, ஆனாலும் இந்தக் கரையில் "மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க" என்ற வாக்கியத்துக்கு இருக்கிற கனம் குறையவில்லை. அதைக் கேட்டதும் வீட்டில் யாராவது பெட்டிக்கடியிலிருந்து நகையை எடுப்பார்கள், யாராவது சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவார்கள். இதை எழுதத் தெரிந்தவருக்கு மானிட்டரும் வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். (பாம்பன் சாலைப் பாலம் 1988-இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் தீவிலிருந்து நோயாளியை மறுகரைக்குக் கொண்டுவர ரயிலைத்தான் நம்ப வேண்டும், இல்லையென்றால் படகு. அந்தக் காலத்தில் நடக்கிற டாக்டர் தொடர் ஒன்றை இன்னும் யாரும் எடுக்காதது எனக்குப் பெரிய குறை.)

சரி, ஒரு எபிசோடை நாமே கற்பனையாகக் கட்டிப் பார்ப்போம். வாரம் ஒருமுறை வரும் தொடர், ஒரு மணி நேர இடம். இந்தியாவில் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்பது விதி, அமெரிக்கத் தொடர்களில் கதைக்கு மிஞ்சுவது 42, 43 நிமிடம்தான். நாம் 45 என்று வைத்துக்கொள்வோம். ஊர், திருப்பாலைக்குடி மாதிரி ஒரு கடற்கரை ஊர். மாதம் ஏப்ரல் கடைசி.

மாதம் ஏன் முக்கியம் என்றால், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகு கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பாதி நாள் கடலிலேயே இருக்கிற மனிதன் எவ்வளவு இருமினாலும் காற்று கொண்டுபோய்விடும், வீட்டில் இருமினால் மனைவி எண்ணுவாள். ஆக ரகசியத்தை ஒளிக்கவே முடியாத இரண்டு மாதத்தில் ஒரு ரகசியத்தைக் கொண்டு வைக்கிறோம். எழுத்தாளர் சூழலை இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அழகான சூரிய உதயமெல்லாம் ஒளிப்பதிவாளர் பார்த்துக்கொள்வார்.

முக்கியக் கதை: ஐம்பத்தைந்து வயதுச் சம்மாட்டி ஒருவர், இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். மூன்று வாரமாக இருமல், உடம்பு இளைத்துவிட்டது. மகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். கூட்டமெல்லாம் போன பிறகு, வாசல் விளக்கை அணைக்கிற நேரம் பார்த்து டாக்டரம்மாவிடம் வருகிறார். டாக்டரின் அப்பாவுக்கு அவர் கூட்டாளி, அதனால் எல்லார் முன்னாலும் "டாக்டரம்மா", தனியாக இருந்தால் "பாப்பா". சளிப் பரிசோதனை முடிவு வருகிறது, டிபி. "ஞாயித்துக்கிழமை கழியட்டும் பாப்பா, வீட்டுல யாருக்கும் சொல்லிராத."

இரண்டாவது கதை டாக்டர் வீட்டில். மனைவியை இழந்த அப்பா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மகளை நம்பி இருக்கிறார். மகளுக்கு மதுரைக்கு இடமாற்ற உத்தரவு வந்திருக்கிறது. அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறாள், அப்பாவிடம் சொல்லவில்லை.

மூன்றாவது கதை சிரிப்புக்கு. ஒரு இளைஞன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் திருக்கை முள் குத்தி அலறிக்கொண்டு வருகிறான். திருக்கை விஷத்தை வெந்நீர் தணிக்கும் என்பதால், தோல் வெந்துபோகாத, தாங்கக்கூடிய சூட்டில் நர்சம்மா அவன் காலை வாளியில் வைக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவன் போகிறவனெல்லாம் ஒரு கைவைத்தியம் சொல்லிவிட்டுப் போகிறான்.

இப்படி ஒரு எபிசோடுக்குள் இரண்டு மூன்று கதையை ஓட்டுவதைத் திரைக்கதை எழுதுகிறவர்கள் ஏ கதை, பி கதை, சி கதை என்பார்கள். ஏ கதைக்கு அதிக நேரம், பி கதைக்கு அதில் பாதி, சி கதைக்கு நாலைந்து சின்னக் காட்சி, உத்தேசமாக அப்படித்தான் பிரிப்பார்கள். இது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு வறட்டுக் காரணம் உண்டு: சளியை இன்று எடுத்து முடிவு நாளை வருகிறது என்றால் அந்த ஒரு நாளை எப்படியாவது கடத்த வேண்டும், வேறொரு கதைக்குப் போய்விட்டு வந்தால் நேரம் கடந்தது போலத் தோன்றும். ஆனால் நல்ல எபிசோடில் இந்த மூன்றும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் ஓடாது. தென்னங்கீற்று முடைகிற மாதிரி ஒன்றன் அடியில் ஒன்று போய் வெளியே வரும்.

எப்படி என்று பாருங்கள். வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பையன் எங்கும் நகர முடியாது. அவன் முன்னால்தான் சம்மாட்டி பின்பக்கமாக வந்து மாத்திரை அட்டைகளை வாங்குகிறார், டிபி பிரிவு ஊழியர் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறார். அந்தப் பையன் யார்? மாப்பிள்ளையின் சித்தப்பா மகன். இதுவரை நாம் சிரித்துக்கொண்டிருந்த காட்சி சட்டென்று கழுத்தைப் பிடிக்கிறது. அங்கே விளம்பர இடைவேளை.

இந்த இடைவேளைகளைக் கவனியுங்கள், எபிசோடின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. பொதுவாக ஒரு மணி நேரத் தொடர் நான்கைந்து பகுதியாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியும் பார்வையாளர் ரிமோட்டைத் தொடாத மாதிரி ஒரு கொக்கியில் முடிய வேண்டும். துப்பாக்கித் தொடரில் கொக்கி என்றால் துப்பாக்கி. இந்த வகையில் கொக்கி என்பது ரகசியம் ஒரு கை மாறுவது, அவ்வளவுதான். நம் எபிசோடில் முதல் பகுதி முடியும்போது விஷயம் தெரிந்தவர்கள் சம்மாட்டி, டாக்டர், நாம். இரண்டாவது பகுதி முடியும்போது வாளிப் பையனும் சேர்ந்துகொள்கிறான். மூன்றாவது முடியும்போது மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பாதி தெரிந்திருக்கிறது. நான்காவதில் சம்மாட்டியின் மனைவி. அடுத்த முறை எந்தத் தொடர் பார்த்தாலும் ஒரு தாளில் இதை மட்டும் எழுதிப் பாருங்கள், யாருக்கு இப்போது என்ன தெரியும் என்று. எழுதியவர் எங்கே கெட்டிக்காரர், எங்கே ஏமாற்றுகிறார் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது என்ற நிலை இருக்கிறதே, அதுதான் இதில் விலை உயர்ந்த சரக்கு. சம்மாட்டி வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துக்கொள்கிறார், மகளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று. டிபி தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை, இருமும்போதும் தும்மும்போதும் காற்றில்தான் பரவும். பாவம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் செய்யத் தேவையில்லாததைச் செய்கிறார். மனைவி அதைப் பார்க்கிறாள். தன் மேல் ஏதோ கோபம், சீர் விஷயத்தில் தான் பேசியது பிடிக்கவில்லை போல, அதனால் ஒதுங்கி உண்கிறார் என்று நினைத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் ஒரே சோற்றுப்பானையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிறார்கள். அந்தக் காட்சியில் வசனமே கிடையாது, ஆனால் நமக்கு இரண்டு பக்க நியாயமும் தெரிவதால் தொண்டை அடைக்கிறது. அதே டம்ளரை டீக்கடைக்கும் கொண்டுவருகிறார், டாக்டரின் அப்பா அதைக் கவனிக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம்.

மொழி தெரியாமலே இந்த மாதிரிக் கதையைப் பின்தொடர முடியும் என்பதற்கு எங்கள் கரையே சாட்சி. இலங்கையில் ரூபவாஹினி 1982-இல் தொடங்கிய பிறகு, இந்தப் பக்கத்தில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்து அந்த ஊர் நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள் நிறைய. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயர தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியதெல்லாம் பிறகு. சிங்களத்தில் ஒரு வார்த்தை தெரியாமல் சிங்கள நாடகம் பார்த்த பெரியவர்களைக் கேட்டால், "அந்தப் பொம்பள கடுதாசிய ஒளிச்சு வச்சா, மாமியாக்காரி பாத்துட்டா" என்று கதையைத் துல்லியமாகச் சொல்வார்கள். யார் ஒளிக்கிறார், யார் பார்த்துவிட்டார், அது தெரிந்தால் கதை தெரிந்தது.

இப்போது டாக்டரின் சிக்கலுக்கு வருவோம். இங்கேதான் மருத்துவத்தைப் பற்றி எழுத்தாளர் கொஞ்சம் படித்திருக்க வேண்டும், படித்திருந்தால் கதை தானாகவே வரும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள்படி நோயாளி சொன்ன ரகசியத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. விதிவிலக்கு உண்டு: நீதிமன்றம் கேட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருந்தால், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தால். டிபி 2012 முதல் அறிவிக்க வேண்டிய நோய், ஆக அரசுப் பதிவில் அவர் பெயர் ஏறியே ஆக வேண்டும். அது ஊருக்குச் சொல்வது ஆகாது. ஆனால் அதோடு முடியவில்லை. டிபி உள்ளவரோடு ஒரே வீட்டில் இருக்கிற எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் அவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தர வேண்டும். ஆக "வீட்டுல யாருக்கும் சொல்லிராத" என்று அவர் கேட்பதும், "வீட்டில் எல்லாரையும் பார்க்க வேண்டும்" என்று மருத்துவம் கேட்பதும் நேருக்கு நேர் மோதுகின்றன. டாக்டர் போய்ப் போட்டு உடைக்கவும் கூடாது, சும்மா இருக்கவும் கூடாது. அவரையே சொல்ல வைக்க வேண்டும், அதுதான் அவளுக்கு இருக்கிற ஒரே வழி. வில்லன் யாரும் இல்லாமலே எபிசோடுக்கு ஒரு கெடு கிடைத்துவிட்டது.

அவரைச் சம்மதிக்க வைக்கும் காட்சியில் டாக்டர் நீதிபோதனை செய்தால் போச்சு. எண்களைச் சொல்ல வேண்டும். ஆறு மாத மருந்து, முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்து, அப்புறம் நாலு மாதம் மூன்று மருந்து. ஒரு பைசா வேண்டாம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் அரசே வங்கிக் கணக்கில் போடும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால்தான் ஆபத்து, மருந்துக்குப் பணியாத டிபியாக மாறும். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் சில வாரத்திலேயே அடுத்தவருக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். சம்மாட்டிக்கு இதெல்லாம் காதில் ஏறாது. "அந்த ஆயிரம் ரூவாய்க்கா பாப்பா நான் வந்தேன்?" என்பார். ஏனென்றால் அவர் பயப்படுவது சாவுக்கு இல்லை, பெண் கேட்டு வந்தவர்கள் எழுந்து போவதற்கு. மருத்துவர் ஒரு பயத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், நோயாளிக்கு இருப்பது வேறு பயம். நிஜ ஆஸ்பத்திரியிலும் தினமும் நடப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாவது பகுதியில் நான் வைக்க விரும்புகிற காட்சி ஒன்று. மாப்பிள்ளையின் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு டாக்டர் வீட்டுக்கே வருகிறார், "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் தாயி" என்று. ஊரில் யாரும் சும்மா பார்க்க வருவதில்லை, அதுவும் பழத்தோடு. பத்து நிமிடம் வெயில், மீன் விலை, தடைக்கால நிவாரணம் இன்னும் வரவில்லை என்று பேசிவிட்டு, கிளம்பும்போது வாசற்படியில் நின்று, "சம்மாட்டி அண்ணனுக்கு உடம்புக்கு எதுவும்..." என்று இழுக்கிறார். டாக்டர் என்ன சொல்வார்? ஆமாம் என்றால் தொழில் தர்மம் போச்சு. இல்லை என்றால் பொய். "நான் நோயாளிங்க விஷயம் பேசறதில்ல" என்றால், விஷயம் இருக்கிறது என்று சொன்னதாகவே ஆகிவிடும். பெருநகரத் தொடரில் இந்தக் காட்சியே வராது, அங்கே யாரும் டாக்டர் வீட்டு வாசற்படிக்கு வருவதில்லை. இப்படி எந்தப் பதிலும் தப்பாகிற இடத்தில் பாத்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் திரைக்கதையின் கடினமான வேலை. நம் டாக்டர், "இருங்கத்தை, அப்பா வந்துருவாரு, டீ குடிச்சுட்டுப் போங்க" என்கிறாள். அந்த அம்மா அவள் முகத்தையே பார்க்கிறார். இடைவேளை.

நான்காவது பகுதி வேகமாகப் போகும். விடிகாலை ஐந்து மணிக்குச் சம்மாட்டி பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்கிறார், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, ரத்தமோ என்று. அது ரிஃபாம்பிசின் என்ற மாத்திரையின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை, கொடுக்கும்போதே ஊழியர் சொல்லித்தான் இருந்தார். வாளிப் பையன் கண்ணில் படக்கூடாது என்று அவசரமாகக் கிளம்பியதில் இவர் காதில் வாங்கவில்லை. (மூன்றாவது கதை மறுபடியும் முதல் கதைக்கு உதவிவிட்டது, கவனித்தீர்களா.) போனில் "மாத்திரைனாலதானா?" என்று அவர் கேட்பது கொல்லையில் கோலப்பொடியோடு நிற்கிற மனைவி காதில் விழுகிறது. "எப்ப சொல்றதா இருந்தீக?" என்கிறாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த காட்சி டாக்டர் வீடு. மூக்குக் கண்ணாடி தேடி டிராயரைத் திறந்த அப்பாவின் கையில் இடமாற்ற உத்தரவு. "எப்பம்மா சொல்றதா இருந்த?"

ஒரே கேள்வி இரண்டு வீட்டில். இதைத்தான் பிரதிபலிப்பு என்கிறோம். நோயாளி வீட்டுப் பிரச்சினையும் டாக்டர் வீட்டுப் பிரச்சினையும் ஒன்றுக்கொன்று கண்ணாடியாக இருக்கும். அங்கே அப்பா மகளுக்காக மறைக்கிறார், இங்கே மகள் அப்பாவுக்காக மறைக்கிறாள். அங்கே போய் "சொல்லிருங்க மாமா" என்று மூன்று நாளாக நச்சரித்த அதே டாக்டர் தன் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. குடும்பமும் டாக்டரும் சேர்ந்த தொடர்கள் உலகம் முழுக்க இந்தக் கண்ணாடி வித்தையை விடாமல் செய்கின்றன, ஏனென்றால் வெறும் நோயாளி கதை என்றால் வாராவாரம் அறுந்துபோகும், டாக்டரின் வீட்டுக் கதை என்ற நூல்தான் எபிசோடுகளைக் கோத்துக்கொண்டு போகிறது. இதில் ஒரு கெட்ட பழக்கமும் இருக்கிறது. சில தொடர்களில் டாக்டர் கடைசியில் நோயாளியிடம் போய், "உங்களைப் பார்த்துத்தான் நானும் என் அப்பாகிட்ட பேசணும்னு புரிஞ்சுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். பார்வையாளர் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்ததைக் கையிலிருந்து பிடுங்கி அவருக்கே திருப்பிக் கொடுக்கிற வேலை இது. எரிச்சலாக இருக்கும்.

இதே கதையை நம் தினசரித் தொடரில் போட்டால் என்ன ஆகும்? அரை மணி நேர இடம், கதைக்கு இருபது சொச்சம் நிமிடம், வாரத்துக்கு ஐந்து ஆறு நாள். மாப்பிள்ளை அம்மா வாசற்படியில் இழுத்த அந்த ஒரு வாக்கியத்திலேயே வெள்ளிக்கிழமை முடியும், திங்கட்கிழமை அதே வாக்கியத்திலிருந்து தொடங்கும், எல்லார் முகத்துக்கும் மூன்று தடவை கேமரா போய் வரும். இதைக் கிண்டல் செய்வது சுலபம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் தினசரித் தொடர் ஒரு வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது. பாதிப் பேர் அதைப் பார்ப்பதில்லை, அடுப்படியிலிருந்து கேட்கிறார்கள். மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது காதில் விழுவதை வைத்தே கதை புரிய வேண்டும், இரண்டு நாள் விட்டுவிட்டாலும் புரிய வேண்டும், அதனால்தான் எல்லாரும் எல்லாவற்றையும் வாய்விட்டு, இரண்டு தடவை சொல்கிறார்கள். அதோடு வாராவாரம் வருகிற டிஆர்பி எண்ணும் இருக்கிறது, அது சரிந்தால் கதை அடுத்த வாரமே திசை மாறும், டிபி புற்றுநோயாகக்கூட மாறலாம். வாரத் தொடர் எழுதுகிறவருக்கு மௌனம் எழுத உரிமை இருக்கிறது, தினசரி எழுதுகிறவருக்கு அது கிடையாது.

மருத்துவத் தவறுகளையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மானிட்டரில் கோடு நேராகப் போனதும் மார்பில் ஷாக் கொடுத்து எழுப்புவது திரையில் சாதாரணம். நிஜத்தில் நேர்க்கோட்டுக்கு ஷாக் கிடையாது, இதயம் தாறுமாறாகத் துடிக்கிற சில நிலைகளுக்குத்தான் அது, நேர்க்கோடு என்றால் மார்பை அழுத்துவதும் மருந்தும்தான். 1996-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டர் தொடர்களைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். மார்பை அழுத்தி உயிர் மீட்கும் காட்சிகளில் நான்கில் மூன்று பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்துவிடுகிறார்கள், நிஜ வாழ்க்கையில் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதற்காக யாரும் இருமலுக்கு டாக்டர் தொடர் பார்த்து வைத்தியம் செய்துகொள்வதில்லைதான், ஆனால் ஆபத்தில் இருக்கிற உறவினரைச் சுற்றி நிற்கிறவர்கள் மனதில் இந்தக் காட்சிகள் ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊர் எபிசோடில் இந்தத் தொல்லை குறைவு. இருமல், மாத்திரை, டம்ளர், இவற்றைத் தப்பில்லாமல் காட்டினால் போதும். டாக்டர் சம்மாட்டி வீட்டு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிற ஒரு வரியை வசனத்தில் சேர்த்தால் அது கதைக்கும் உதவும், பார்க்கிறவர் வீட்டுக்கும் உதவும்.

கடைசிக் காட்சியில் எதை முடிப்பது, எதை விடுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வார எபிசோடில் இந்த வாரம் கேட்ட கேள்வி ஒன்றுக்காவது பதில் வர வேண்டும், இல்லையென்றால் பார்த்தவர் ஏமாந்த மாதிரி உணர்வார். நம் கேள்வி, வீட்டுக்குத் தெரியுமா என்பது. தெரிந்துவிட்டது. மனைவி ஒரு சத்தமும் போடாமல் மகளையும் மாமியாரையும் கிளப்பிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து வரிசையில் உட்காருகிறாள், கணவரின் தனி டம்ளரை அன்று காலை மற்ற டம்ளர்களோடு போட்டுக் கழுவிவிட்டு. இது முடிந்தது. நிச்சயதார்த்தம் நடக்குமா, வாளிப் பையன் வாயைத் திறந்தானா, டாக்டர் மதுரைக்குப் போவாளா, இதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. நடுவில் போன் அடித்து, எடுத்தவர் "என்ன சொல்றீங்க?" என்று உறைந்து நிற்க, யார் பேசினார்கள் என்றே தெரியாமல் முடிக்கிற தந்திரம் இருக்கிறதே, அதைக் கொக்கி என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தப் போனில் என்ன செய்தி என்று எழுதியவருக்கே அன்று தெரிந்திருக்காது.

இன்னொரு சின்ன வழி சொல்கிறேன், இது எல்லாத் தொடருக்கும் செல்லும். எபிசோடு தொடங்கும் முன் முன்கதைச் சுருக்கம் போடுவார்களே, அதைத் தாண்டிவிடாதீர்கள். போன வாரம் நடந்தது அதில் வந்தால் ஒன்றுமில்லை. எப்போதோ, ஆறேழு வாரத்துக்கு முன்னால் யாரோ டீக்கடையில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியைத் திடீரென்று அதில் காட்டினால், இன்றைக்கு அந்த ஆள் வரப்போகிறார், அவர் கையில் யாருடைய ரகசியமோ இருக்கிறது.